ஜப்பான் மீன் சந்தையில் ருசி பார்த்தவர்களே, உங்கள் மனத்தில் நிற்கும் ஒரு நிமிடத்தைச் சொல்லுங்கள்

முத்துநகர்ப் பெண்

இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்கிறேன். போய் வந்தவர்களுக்குத்தான் புரியும்.

தோக்கியோவில் சுகிஜி வெளிச்சந்தை. காலை எட்டு மணி, ஆறு பேர், வழிகாட்டி அறுபது வயதுப் பெண்மணி. சிப்பி, தணலில் வாட்டிய இறால், வாயில் வைத்ததும் கரைகிற சூரையின் வயிற்றுச் சதை எல்லாம் ஆயிற்று. அதையெல்லாம் எழுத நான் வரவில்லை. நான்காவதோ ஐந்தாவதோ, கத்சுவோபுஷி என்ற காய்ந்த மீன்கட்டை விற்கும் கடை. கடைக்கார அம்மாள் பெட்டியிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். காய்ந்த மரத்துண்டுகள் மோதுகிற மாதிரி கணீரென்று ஒரு சத்தம். எல்லோரும் படம் எடுத்தார்கள். என் கையில் ஒரு கட்டையைக் கொடுத்தார். மூக்கருகே கொண்டுபோனேன்.

மாசி.

எங்கள் ஆச்சி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்த அதே மாசிக் கருவாடு. வள்ளம் கடலுக்குப் போகாத மழை நாட்களில் அதை அம்மியில் வைத்துத் தட்டி, தேங்காயும் வற்றல் மிளகாயும் சேர்த்து அரைத்துத் தருவாள். ஆச்சி இறந்து பதினாறு வருடமாகிறது. வழிகாட்டி, உலகிலேயே மிகக் கடினமான உணவுப்பொருள் இதுதான் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அந்த அம்மாள் பதறி, சின்னக் காகிதக் கோப்பையில் சுடச்சுடச் சாறு ஊற்றிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் 'அரிகாதோ' என்று மட்டும் சொன்னேன். குழு நகர்ந்துவிட்டது.

'எங்கள் வீட்டிலும் இது உண்டு அம்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். மொழிபெயர்க்க வழிகாட்டி பக்கத்திலேயேதான் இருந்தார். சொல்லவில்லை.

காரைநகர் குமரன்

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். ஆனால் ஒன்றைத் திருத்தியே ஆகவேண்டும்: மாசியும் கத்சுவோபுஷியும் ஒன்றல்ல. மீன் ஒன்றுதான், சூரை. செய்முறையில் பாதி வழிவரை இரண்டும் கூடவே வருகின்றன. மாலத்தீவில் மீனை உப்புத் தண்ணீரில் அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைப்பார்கள். அதோடு வேலை முடிந்தது. ஜப்பானில் அவித்து, முள் எடுத்து, வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் புகையிடுகிறார்கள். உயர்ந்த ரகமென்றால் அதன்பிறகு மேற்பரப்பைச் சீவிப் பூஞ்சணம் ஏற்றி, வெயிலில் வைத்து, மறுபடியும் பூஞ்சணம் ஏற்றி, இப்படியே மாதங்கள் போகும். அந்தப் பூஞ்சணம் ஈரத்தையும் கொழுப்பையும் தின்றுவிடுகிறது. கட்டை கணீரென்று ஒலிப்பதும் சாறு கலங்காமல் தெளிவாக இறங்குவதும் அதனால்தான். நாங்கள் சம்பலுக்கு உரலில் இடிக்கிறோம். அவர்கள் சீவுபலகையில் தாள்போலச் சீவுகிறார்கள். மாசியை அப்படிச் சீவினால் உதிர்ந்து தூளாகும்.

சுவைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1908-இல் தோக்கியோவில் இகேதா கிகுனாயே என்ற வேதியியல் பேராசிரியர் கொம்பு கடற்பாசியின் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913-இல் அவருடைய மாணவர் கொதாமா கத்சுவோபுஷியில் இருப்பது இனோசினேட் என்று கண்டார். இரண்டும் ஒரே சட்டியில் சேரும்போது சுவை பலமடங்கு கூடும். உங்களுக்குக் கிடைத்த காகிதக் கோப்பையில் இரண்டும் இருந்திருக்கும்.

என் கதை சிறியது. டொராண்டோவிலிருந்து போனோம். அதே வெளிச்சந்தையில் குச்சியில் குத்திய முட்டை அடையைக் கடித்தபடி நடந்தேன். ஒரு முதியவர் பின்னாலேயே வந்து தோளைத் தொட்டு, ஒரு சொல்லும் பேசாமல் கடை வாசலைக் காட்டினார். திரும்பிப் போய் நின்று சாப்பிட்டேன். முடித்ததும் கை நீட்டிக் குச்சியை வாங்கிக்கொண்டார்.

மேலூர் வாசகி

நடந்துகொண்டே சாப்பிடக் கூடாது என்பதை எங்கள் வழிகாட்டி முதல் நிமிடமே சொன்னார். வாங்கிய கடை வாசலிலேயே நிற்க வேண்டும், குப்பையை அந்தக் கடையிலேயே கொடுக்க வேண்டும். சந்துகள் அவ்வளவு ஒடுக்கம். சூடான குச்சி எதிரே வருகிற குழந்தையின் கண் மட்டத்தில்தான் இருக்கும். காரைநகர் அண்ணா, உங்கள் வழிகாட்டி இதைச் சொல்லாதது தவறு.

காவிரிக்கரை

என் மனைவி முட்டை சாப்பிடுவாள். மீன், இறைச்சி பிறந்ததிலிருந்து தொட்டதில்லை. மகன் அங்கே வேலையில் இருக்கிறான். வழிகாட்டியிடம் முன்கூட்டியே எழுதிச் சொல்லித்தான் பதிவு செய்தான். 'முட்டை அடை, ஊறுகாய், தேநீர், மோச்சி என்ற அரிசிப் பலகாரம், கவலை வேண்டாம்' என்று பதில் வந்தது.

இருபத்தைந்து வயதுப் பையன், அவ்வளவு பிரியமாக நடந்துகொண்டான். முதல் கடையிலேயே முட்டை அடை. இனிப்பும் உப்புமாக நன்றாக இருக்கிறது என்று அவள் இரண்டாவது துண்டும் வாங்கிக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து, முத்துநகர்ப் பெண் சொல்கிற மாதிரியான ஒரு கடையில், கத்சுவோபுஷிச் சீவல் கொதித்த சாற்றைக் காட்டி, 'காலையில் நீங்கள் சாப்பிட்ட முட்டையின் ருசி இதிலிருந்துதான் வருகிறது' என்று பெருமையோடு ஆரம்பித்தவன், வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிட்டான்.

அந்த முகத்தை மறக்க முடியவில்லை. மீன் துண்டுதான் மீன் என்று அவன் வளர்ந்திருக்கிறான். சாறு அவன் கணக்கில் தண்ணீர் மாதிரி. இடுப்புவரை குனிந்தவன் நிமிரவே இல்லை. என் மனைவிக்கு ஆங்கிலமும் வராது, ஜப்பானியமும் வராது. 'தம்பி, நிமிருங்கள், நிமிருங்கள்' என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு அவன் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

பட்டியலில் இருந்த அடுத்த கடையை விட்டுவிட்டு எங்களை நாமியோகே இனாரி கோயிலுக்குக் கூட்டிப் போனான். சந்தையின் ஓரத்தில் சின்னக் கோயில். கடலைத் தூர்த்து சுகிஜி நிலத்தை உண்டாக்கியபோது அலையிலிருந்து காக்கவென்று எழுந்தது. அங்கே சுஷிக்கு ஒரு கல், இறாலுக்கு ஒரு கல், முட்டைக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அவற்றை விற்றுப் பிழைத்தவர்கள் நன்றி சொல்ல வைத்தவை. முட்டைக் கல்லின் முன் இவள் கைகூப்பினாள்; பக்கத்தில் அவனும்.

மீதிச் சுற்று முழுவதும் அவன் எதையும் வாயில் வைக்கவில்லை. இரவு அறையில் விளக்கை அணைத்த பிறகு இவள் கேட்டாள்: 'அந்தப் பிள்ளை மத்தியானமாவது சாப்பிட்டிருக்குமா?'

கவாசாகி மீனா

காவிரிக்கரை ஐயா, பன்னிரண்டு வருடமாக இங்கே சைவமாகச் சமைத்துச் சாப்பிடுகிறவள் சொல்கிறேன், இனி வருகிறவர்களும் படித்துக்கொள்ளுங்கள். 'மீன் வேண்டாம்' என்று சொன்னால் போதாது. 'கத்சுவோ தாஷி வேண்டாம்' என்று, அதாவது இந்த மீன் சீவலின் சாறு வேண்டாம் என்று, தனியாகச் சொல்ல வேண்டும். தாளில் ஜப்பானிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. மிசோ சூப்பில் இருக்கும். சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாற்றில் இருக்கும். வேகவைத்த கீரைமேல் தூவியிருப்பார்கள். ஊறுகாயைக்கூட நம்ப முடியாது, சிலவற்றில் சீவல் கலந்திருக்கும். நம்பிச் சாப்பிட வேண்டுமென்றால் புத்த மடங்களில் வந்த ஷோஜின் சமையலைத் தேடுங்கள். அங்கே சாற்றுக்குக் கொம்பும் காய்ந்த ஷீடாகே காளானும்தான். மீன் சந்தையிலேயே கொம்பு மட்டும் விற்கும் கடைகள் உண்டு. அதை வாங்கி அறையில் இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரில் ரசம் வைத்துப் பாருங்கள். பருப்புத் தண்ணீரோடு அவ்வளவு பொருத்தமாகச் சேரும்.

நான் போனது 2017-இல், உள்சந்தை இன்னும் சுகிஜியில் இருந்தபோது. மூன்று மணி நேரத்தில் ஒன்பது கடை; வழிகாட்டி நன்றாகத்தான் பேசினார். ஆனால் சந்தைச் சுவரில் ஒரு உலோகப் பலகை இருந்தது, அதைத் தாண்டி நடந்துவிட்டார். 1954 மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. இருபத்து மூன்று பேர் இருந்த படகு. அது பிடித்து வந்த சூரை இந்தச் சந்தைவரை வந்து, கதிர்வீச்சு தெரிந்து, இங்கேயே குழி வெட்டிப் புதைக்கப்பட்டது. நான் நின்று வாசித்துவிட்டுத் திரும்பியபோது குழு அடுத்த தெருவில் சிப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அன்று சிப்பி இறங்கவில்லை.

தெம்பனிஸ் அப்பா

சுகிஜி இல்லை, ஹக்கோடாதே காலைச் சந்தை. அங்கே தொட்டியில் நீந்தும் கணவாயை நாமே தூண்டிலில் பிடிக்கலாம். ஒன்பது வயது மகள் பிடித்தாள், தண்ணீர் பீய்ச்சியது, சிரித்தாள். இரண்டு மூன்று நிமிடத்தில் கண்ணாடி போன்ற கீற்றுகளாகத் தட்டில் வந்துவிட்டது. வழிகாட்டி, 'இங்கே இன்னொரு விசேஷம் உண்டு' என்று பக்கத்துக் கடையில் சோற்றுக் கிண்ணம் ஒன்று வாங்கினார். மேலே கணவாயின் தலையும் கால்களும். சோயா சாற்றை ஊற்றியதும் கால்கள் எழுந்து சோற்றின்மேல் நடந்தன.

மகள் அலறவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு, 'அப்பா, அதுக்கு வலிக்குதா?' என்றாள். செத்துவிட்டது, உப்பு பட்டதால் அசைகிறது என்றார் வழிகாட்டி. அவள் நம்பவில்லை. பிடித்தவள் நீதானே என்று நான் சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. அதன்பிறகு இன்றுவரை அவள் கணவாய் தொடுவதில்லை. இப்படிக் காட்சிக்காக ஊற்றுவது கொடுமை என்றுதான் நினைக்கிறேன்.

நாகைக் கரையோரம்

தெம்பனிஸ் அண்ணா, கொடுமை என்ற சொல்லை இங்கே ஒத்துக்கொள்ள மாட்டேன். வழிகாட்டி சொன்னது உண்மை. மூளை போய்விட்டது; தசையில் கொஞ்சம் சக்தி மிச்சமிருக்கிறது; சோயாவிலுள்ள சோடியம் பட்டதும் நரம்பு துடிக்கிறது. வலையில் விழுந்து படகுத் தளத்தில் மணிக்கணக்கில் மூச்சுத் திணறிச் சாகிற மீன் படும் பாடு அதைவிடப் பெரிது. அதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எங்கள் அப்பாவின் படகில் யாரும் அதற்கு அழுததில்லை. அழுதிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஜப்பானியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இகேஜிமே என்று பெயர். மீனின் மூளையில் கூரான ஊசியை ஒரே குத்தாக இறக்கி, இரத்தத்தை வடித்து, தண்டுவடத்துக்குள் மெல்லிய கம்பியை ஓட்டிவிடுவார்கள். மீன் அந்த நொடியே அடங்கிவிடும். துடித்துச் சாகாத மீனின் சதை கலங்காது, பல நாள் வைத்திருந்தாலும் ருசி கெடாது. நம் கரையிலும் பெரிய மீனுக்கு இதைச் செய்யலாம். ஒரு கூரான ஊசியும் கம்பியும் போதும், பழகக் கையும் பொறுமையும் வேண்டும். உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். கணவாயைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

நான் போனது தொயோசு. 2018 அக்டோபரில் சுகிஜியின் உள்சந்தை, அதாவது மொத்த விற்பனைச் சந்தை, அங்கே மாறிய பிறகு. விடிகாலை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள். கீழே பச்சைத் தரையில் வாலறுத்த சூரைகள் வரிசையாக. வாங்குபவர்கள் குனிந்து வெட்டுவாயில் கைவிளக்கு அடித்துக் கொழுப்பைப் பார்க்கிறார்கள். 2019-இன் முதல் ஏலத்தில் 278 கிலோ மீன் ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போன இடம் அது. என் மனத்தில் நிற்பது விலையில்லை. மீன் சந்தையில் நிற்கிறேன், மீன் வாடையே வரவில்லை. கண்ணாடியில் மூக்கை வைத்துக்கூடப் பார்த்தேன்.

முத்துநகர்ப் பெண்

எல்லோருக்கும் நன்றி. காரைநகர் அண்ணா, நீங்கள் சொன்ன வித்தியாசம் சரியாகவே இருக்கட்டும். என் மூக்குக்கு அது மாசிதான். புகையும் மீனும் சேர்ந்த அந்த அடிவாசனையில் பூஞ்சணம் குறுக்கே வரவில்லை.

அடுத்த மாதம் என் நாத்தனார் மகன் அந்தப் பக்கம் போகிறான். அந்தக் கடையின் பெயர் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு குறுக்குச் சந்தில், கருநீலத் திரை தொங்கும் கடை. வாசலில் சீவல் நிறைந்த மரப்பெட்டிகள். அந்த அம்மாளின் இடது கைப் பெருவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. எதிரே கத்தி தீட்டும் கடை ஒன்று இருந்ததாக நினைவு. கவாசாகி மீனா, உங்களுக்கு அந்தச் சந்து தெரிகிறதா? 'எங்கள் வீட்டிலும் இது உண்டு' என்பதை ஜப்பானியத்தில் எழுதித் தந்தால் அவனிடம் கொடுத்து அனுப்புவேன்.