பாத்திரக் கடைக்கு நடப்புக் கணக்கு: அன்றாடக் கட்டணம் குறைய எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: பாத்திரக் கடை உரிமையாளர், கும்பகோணம்

வணக்கம். எவர்சில்வர், பித்தளைப் பாத்திரங்கள் விற்கும் குடும்பக் கடையை என் தந்தையாருக்குப் பிறகு நான் நடத்தி வருகிறேன். இப்போதுள்ள நடப்புக் கணக்கில் மாதந்தோறும் ஏதேனும் ஒரு பெயரில் பணம் பிடிக்கப்படுவதால், வேறு வங்கிக்கு மாற எண்ணியிருக்கிறேன். விற்பனையில் ஏறக்குறையப் பாதி ரொக்கமாகவும், மீதி பெரும்பாலும் யுபிஐ வழியாகவும் வருகிறது. சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளுக்கு நெஃப்ட் (வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் முறை) அல்லது காசோலை மூலம் செலுத்துகிறேன். ஒரு வங்கியில் 10,000 ரூபாய் சராசரி இருப்பு போதும் என்கிறார்கள். மற்றொன்றில் 1 லட்சம் கேட்கிறார்கள், ஆனால் எல்லாச் சேவையும் இலவசம் என்கிறார்கள். குறைவாகக் கேட்கும் வங்கியையே தேர்ந்தெடுத்துவிடலாமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தஞ்சாவூர்

ஐயா, இருப்புத் தொகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கடையைப் போல ரொக்கம் அதிகம் புழங்கும் இடத்தில் உண்மையான செலவு பணம் கட்டும்போதுதான் ஏற்படுகிறது. பெரும்பாலான வங்கிகள் மாதத்துக்கு இவ்வளவு ரொக்கம் வரை இலவசம் என்று ஓர் எல்லை வைத்து, அதற்கு மேல் கட்டும் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் தனிக் கட்டணம் வாங்குகின்றன; குறைந்த இருப்புக் கேட்கும் கணக்குகளில் அந்த எல்லையும் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். தாய்க்கிளையில், அதாவது கணக்குத் திறந்த கிளையில், கட்டுவதற்கும் பிற கிளைகளில் கட்டுவதற்கும் வெவ்வேறு எல்லைகள் இருக்கின்றனவா என்பதையும் கட்டண அட்டவணையில் தேடிப் பாருங்கள்.

சராசரி இருப்பு என்பது தினமும் அந்தத் தொகை கணக்கில் கிடக்க வேண்டும் என்பதல்ல. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி நாட்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். 25,000 ரூபாய் மாதச் சராசரி கேட்கும் கணக்கில் 1 லட்சம் ரூபாயை 8 நாட்கள் வைத்திருந்து, மற்ற நாட்களில் இருப்பே இல்லாமல் போனாலும், 30 நாள் மாதத்துக்குச் சராசரி 26,600 ரூபாயைத் தாண்டிவிடும். காலாண்டுச் சராசரி கேட்கும் வங்கியில் ஒரு மாதக் குறைவை அடுத்த மாதத்தில் ஈடுகட்ட இயலும் என்பதால், சீசன் வியாபாரிகளுக்கு அதுவே வசதியானது.

பணம் அனுப்பும் கட்டணத்தில் பலர் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. 2020 ஜனவரி 1 முதல் இணையவழி நெஃப்டுக்குக் கட்டணம் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதி சேமிப்புக் கணக்குகளுக்கு மட்டுமே பொருந்தும். நடப்புக் கணக்கில் இணையவழி நெஃப்ட் இலவசமா என்பது அந்தந்த வங்கியின் முடிவைப் பொறுத்தது. எனவே அதைத் தனியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கிளைக்குப் போய் அனுப்பினால் தொகைக்கு ஏற்ப 2.50 ரூபாயிலிருந்து 25 ரூபாய் வரையும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஆகலாம். நடப்புக் கணக்கு இருப்புக்கு வட்டி கிடையாது என்பதால், அதில் முடங்கும் 1 லட்சத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மறுமொழி: ஹார்டுவேர் வியாபாரி, கரூர்

மேலே சொன்னவை எல்லாம் சரியே. ஆயினும் அட்டவணையில் இல்லாத ஒன்றையும் நான் பார்க்கச் சொல்வேன். கடைக்கு நடந்து போகும் தூரத்தில் கிளையோ பணம் போடும் இயந்திரமோ இல்லையென்றால், மிச்சப்படும் கட்டணத்தைவிட ஆளும் நேரமும் அதிகம் வீணாகும். பத்து, இருபது ரூபாய்த் தாள்களும் நாணயங்களும் நிறைய வந்தால், அவற்றை எண்ணி வாங்கத் தனிக் கட்டணம் உண்டா என்று காசாளரிடமே கேளுங்கள். கணக்குத் திறக்க வரும் விற்பனை அலுவலர்களுக்குப் பல நேரங்களில் அது தெரிவதில்லை.

யுபிஐயில் வரும் சாதாரண வங்கிக் கணக்குப் பணத்துக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியிலிருந்து வணிகர் கட்டணம் இல்லை. ஆனால் சவுண்ட் பாக்ஸுக்கும் ஸ்வைப் மெஷினுக்கும் மாத வாடகை இருக்கலாம். கார்டு வியாபாரம் குறைவான கடைக்கு மெஷினே தேவையில்லை என்பது என் கருத்து.

மறுமொழி: ஆடிட்டர் அலுவலகப் பணியாளர், திருச்சி

கட்டணம் மிச்சமாகும் என்று கடையின் க்யூஆர் அட்டையைச் சொந்தச் சேமிப்புக் கணக்கில் இணைத்துவிடாதீர்கள். வணிக நிறுவனத்தின் பெயரில் சேமிப்புக் கணக்கு திறக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. தனிப்பட்ட கணக்கில் வியாபாரம் நடப்பதை வங்கி கண்டறிந்தால் கணக்கை முடக்கவும் வாய்ப்புண்டு. ஆண்டு இறுதியில் வீட்டுச் செலவையும் கடை வரவையும் பிரித்தெடுப்பது வேறு பெரும் வேலை. வழக்கமான ஜிஎஸ்டி பதிவு இருந்தால், உங்கள் ஜிஎஸ்டி எண்ணை வங்கியில் பதிவு செய்துவிடுங்கள். வங்கிக் கட்டணத்தின் மீது பிடிக்கும் 18 சதவீதத்தை அப்போது உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஆவணி, ஐப்பசி, தை, வைகாசி ஆகிய மாதங்களில் சீர்வரிசை வியாபாரத்தால் மாதம் 9 லட்சம் வரை ரொக்கம் கட்டுகிறேன். மற்ற மாதங்களில் 3 லட்சத்தைத் தாண்டுவதில்லை. 10,000 கேட்கும் வங்கியில் 3 லட்சம் வரை இலவசம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு 3 ரூபாய். சரக்குக்காக வெளியில் ஒரு ரூபாய் வட்டிக்குக் கடனும் வாங்குகிறேன். ஜிஎஸ்டி பதிவு வழக்கமான முறையில்தான் உள்ளது.

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தஞ்சாவூர்

அப்படியானால் கணக்கு எளிது. சீசன் மாதத்தில் கூடுதலாக வரும் 6 லட்சத்துக்கு 1,800 ரூபாய். நான்கு மாதங்களுக்கு 7,200 ரூபாய். ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துவிடுவீர்கள். மறுபுறம், 1 லட்சம் கேட்கும் வங்கியில் நீங்கள் கூடுதலாக வைக்க வேண்டிய 90,000 ரூபாய்க்கு, ஒரு ரூபாய் வட்டியில் ஆண்டுக்கு 10,800 ரூபாய் ஆகிறது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் சிறிய கணக்கே மேல். ஆனால், கையெழுத்திடும் முன் இப்போதைய கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மெண்டை எடுத்து உங்கள் உண்மையான சராசரி இருப்பைப் பாருங்கள். மொத்த வியாபாரிகளுக்குச் செலுத்துவதற்காகக் காத்திருக்கும் பணத்தாலேயே அது 1 லட்சத்தைத் தாண்டியிருந்தால், பெரிய கணக்குக்காக நீங்கள் தனியே பணத்தை முடக்க வேண்டியதில்லை. அப்போது பெரிய கணக்கையே எடுங்கள். அதில் இலவச ரொக்க எல்லை 9 லட்சத்தை எட்டுகிறதா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.