அரிஷ்டம், கேப்சூல், வசம்பு: மகளிர் வகுப்பில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மஹல்லா மகளிர் வகுப்பில் நாட்டு மருந்து பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குத் தசமூலாரிஷ்டம் (பத்து வேர்கள் சேர்த்துப் புளிக்கவைத்த மருந்து), கைக்குழந்தைக்கு வசம்பு, சர்க்கரைக்குக் கருஞ்சீரகம், எல்லாம் பழக்கத்தில் இருக்கிறது. ஹலாலா என்று கேட்கிறார்கள். ஆபத்தா என்று யாரும் கேட்பதில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. ஆளுக்கொரு பாட்டிலை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். அரிஷ்டம், ஆசவம் லேபிளில் பொடி எழுத்தில் ஆல்கஹால் அளவு இருக்கும். பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம். யாரும் சாராயம் ஊற்றுவதில்லை. கஷாயத்தில் வெல்லமும் காட்டாத்திப் பூவும் போட்டு மூடி வைத்தால் தானே புளித்து உண்டாவது. சூடுபடுத்தினாலும் முழுக்கப் போய்விடாது. மார்க்கத் தீர்ப்பை ஆலிமிடம் கேளுங்கள், லேபிளில் உள்ள அளவையும் சொல்லிக் கேளுங்கள். பாலூட்டும் தாய்க்கு வைத்தியர் தசமூலம் சொன்னால் கஷாயமாகவே போடலாம்: இடித்த சரக்கு 10 கிராம், தண்ணீர் 160 மில்லி, சிறு தீயில் 40 மில்லியாக வற்றவிட்டு வடிகட்டணும். அன்றன்றைக்குப் போட்டு அன்றே குடிக்கணும், வைத்திருந்தால் கெட்டுவிடும்.

பதில் 2:
கேப்சூலில் மருந்து மூலிகையாக இருந்தாலும் உறை ஜெலட்டினாக, அதாவது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பதாக இருக்கலாம். அது மாட்டிலிருந்தா பன்றியிலிருந்தா என்று லேபிள் பெரும்பாலும் சொல்லாது. 'ஹெச்.பி.எம்.சி.' என்று போட்டிருந்தால் தாவர உறை. சந்தேகம் என்றால் அதே மருந்து சூரணமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

பதில் 3:
நேரத்தில் பாதியைக் குழந்தைகளுக்கு ஒதுக்குங்கள். 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் இருப்பதாலேயே வசம்பைச் சுட்டு, உரைத்து, நாக்கில் தடவுகிறார்கள். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் விலங்குச் சோதனைகளில் கட்டிகளை உண்டாக்கியது, வாந்தியும் வரும். வளையலாகக் கோத்துக் கையில் கட்டினாலும் குழந்தை வாயில் வைத்துச் சப்பும். தேனும் ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்தால் கைகால் தளரும், மூச்சே நிற்கலாம். தஹ்னீக்குக்கு, அதாவது பிறந்த குழந்தையின் வாயில் இனிப்புத் தடவும் சுன்னத்துக்கு, தேன் தொடும் வீடுகளில் இதை அழுத்திச் சொல்லுங்கள். ஹதீஸில் வருவது பேரீச்சம்பழம்தான்.

கருஞ்சீரகம் ஹலால், சந்தேகமில்லை. ஆனால் 'மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் இதில் நிவாரணம்' என்ற ஹதீஸைச் சொல்லி இன்சுலினை நிறுத்துபவர்கள் உண்டு. சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிடலாம்: வியர்வை, நடுக்கம், மயக்கம். டாக்டரிடம் சொல்லாமல் தினசரி எடுக்கக் கூடாது.

பற்பம், செந்தூரம் (உலோகம், தாதுக்களைப் புடம்போட்ட பொடிகள்), எட்டி என்ற நச்சு விதை சேர்ந்த மருந்துகளைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடவே வேண்டாம். 'மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்' என்ற எச்சரிக்கை எந்தப் பாட்டிலில் இருக்கிறது என்று வகுப்பிலேயே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.