மகன் என்பிஏ டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் இருக்கிறோம். மகன் கல்லூரி கூடைப்பந்து அணியில் இரண்டாம் வருஷம் ஆடுகிறான். இந்தத் தடவையே டிராஃப்ட்டுக்கு, அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு, போகிறேன் என்கிறான். கோச் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்.

பெயர் கொடுத்தாலும், கம்பைன் (டிராஃப்ட்டுக்கு முன் வீரர்களைச் சோதித்துப் பார்க்கும் முகாம்) முடிந்து 10 நாளுக்குள் வாபஸ் வாங்கினால் கல்லூரிக்குத் திரும்பலாம். அதுவரை பயமில்லை. முதல் சுற்றில் எடுத்தால் இரண்டு வருஷச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் அந்த உத்தரவாதம் கிடையாது. இவனை இரண்டாம் சுற்றின் கடைசியில்தான் கணிப்பவர்கள் எல்லோரும் வைக்கிறார்கள். கல்லூரியிலேயே இப்போது பணம் வருகிறது, டிகிரியும் முடியும். அதனால் இருக்கட்டும் என்றே என் மனசு சொல்கிறது.

ஆனால் கல்லூரியில் இருப்பது எல்லோருக்கும் கைகொடுப்பதில்லை. 2021-இல் யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை ஃபைனல் ஃபோர் (கல்லூரிப் போட்டியின் அரையிறுதி) வரை கொண்டுபோன ஜானி ஜூசாங், டிராஃப்ட்டுக்குக் கொடுத்த பெயரை வாபஸ் வாங்கிக் கல்லூரிக்கே திரும்பி வந்தார். 2022 டிராஃப்ட்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. என்பிஏ நட்சத்திரம் ஸ்டீபன் கரியோ டேவிட்சன் கல்லூரியில் மூன்று வருஷம் ஆடிவிட்டு 2009 டிராஃப்ட்டில் ஏழாவதாகத் தேர்வானார்.

ராத்திரி சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு மாக் டிராஃப்ட் (யாரை எந்த இடத்தில் எடுப்பார்கள் என்ற கணிப்பு) பட்டியலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பெற்ற மனசு தாங்கவில்லை.

பிள்ளைகளை இந்தக் கட்டத்தில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்பிஏவின் ஆலோசனைக் குழு தரும் கணிப்பை எவ்வளவு நம்பலாம்? கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு அங்கீகரித்த ஏஜென்ட்டோடு கையெழுத்துப் போடும்முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்? ஏப்ரல் கடைசிக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். தனிச்செய்தியிலும் எழுதலாம்.