சத்தம் போடாமல் கிட்டார் ஆம்ப் டோன் வருமா?

குழித்துறை_ஆறுகம்பி

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் வாடகை வீடு. போன மாதம் திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் எலக்ட்ரிக் கிட்டாருக்கு 40 வாட் டியூப் (வால்வு) ஆம்ப் ஒன்று பழையதாக வாங்கினேன். மாஸ்டர் வால்யூமை 2-க்கு மேல் திருப்ப முடியவில்லை. அடுத்த வீட்டுப் பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஒரே மதில்தான் நடுவில். குறைத்து வாசித்தால் டோன் செத்துப்போகிறது. சரி என்று, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை நேராக லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இண்டர்ஃபேஸில் செருகி ஹெட்போனில் கேட்டேன். காதுக்குள் கொசுவைப் பிடித்து அடைத்தது போல இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குள் சபை கொயருக்கு நான்கு பாட்டு ரெக்கார்ட் செய்து கொடுக்க வேண்டும். ஆம்பின் சத்தத்தைத் திறந்துவிடாமல் நல்ல டோன் எடுக்க வழி உண்டா?

வால்வு_அண்ணாச்சி

இல்லை தம்பி. இருபது வருடமாக நாகர்கோவில் பக்கம் மேடைகளில் வாசிக்கிறவன் சொல்கிறேன். பவர் டியூப் உழைக்க வேண்டும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சூடாக வேண்டும், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அசைய வேண்டும். ஒரு நோட்டைப் பிடித்து ஆம்புக்கு நேராகத் திரும்பி நின்று பார். ஸ்பீக்கரிலிருந்து வரும் காற்று திரும்பக் கம்பியை ஆட்டும். விரலை எடுக்கிறவரை நோட்டு இறங்காது. எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் கூடவே அதிரும். இதெல்லாம் லேப்டாப்பில் எங்கே வரப்போகிறது? 5 வாட் டியூப் ஆம்ப் ஒன்று வாங்கிக்கொள். ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகை தெரிந்தவர்கள் யாரிடமாவது இருந்தால் அங்கே போய் முழுசாகத் திறந்து வாசி.

பாறசாலை_பதிவறை

அண்ணாச்சி மேடையைப் பற்றிப் பேசுகிறார், தம்பி கேட்டது ரெக்கார்டிங். இரண்டும் வேறு.

அந்தக் கொசுச் சத்தத்துக்குக் காரணம் கேபினட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, இல்லாததுதான். கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய வாயை மூடிக்கொள்ளும். ஹெட்போன் 20,000 வரை பாடும். டிஸ்டார்ஷனின் மேல் சுரங்கள் எல்லாவற்றையும் ஸ்பீக்கர் வடிகட்டித்தான் நமக்குத் தருகிறது. அந்த வடிகட்டியை எடுத்துவிட்டால் கொசு வராமல் என்ன செய்யும்?

இதற்குத்தான் ஐஆர் என்ற இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஒரு கேபினட், அதன் முன்னால் ஒரு மைக், இரண்டும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதன் பதிவு அது. இன்றைக்கு வருகிற ஆல்பங்களில் நீங்கள் கேட்கும் கிட்டார் எதுவும் அறையில் நின்று கேட்ட ஆம்ப் இல்லை. மைக் வழியாக வந்த ஆம்ப், இல்லையென்றால் அதைப் போலச் செய்த மாடல். ஷூர் எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் நடுக்குமிழுக்கு நேராக வைத்தால் கீச்சென்று குத்தும். ஒரு விரல் அகலம் ஓரமாக நகர்த்துங்கள், அதே ஆம்ப் தேன் மாதிரி ஆகிவிடும். ஒரு விரல்தான். எந்த ஆம்ப் என்று மண்டையை உடைப்பதைவிட ஐஆரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு மணி நேரம் செலவு செய்யுங்கள். ஆம்பைப் போல ஒலிக்கும் மென்பொருளான நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம், அதற்கு இலவச மாடல்களும் நிறையக் கிடைக்கின்றன.

வாட்_கணக்கு

5 வாட் யோசனைக்கு மட்டும் ஒரு கணக்கு. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தருகிற கிட்டார் ஸ்பீக்கர் சாதாரணம். 5 வாட் கொடுத்தால் 107. 40 வாட்டோடு பார்த்தால் 9 டெசிபல்தான் குறைவு, காதுக்குப் பாதி சத்தம் என்று தோன்றும், அவ்வளவுதான். குடியிருப்புப் பகுதியில் சட்டம் அனுமதிப்பது பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45. 5 வாட்டும் பாட்டிக்குத் தொல்லைதான்.

வால்வு_அண்ணாச்சி

கணக்கை ஒத்துக்கொள்கிறேன், அதனால்தான் கொட்டகை என்றேன். ஆனால் கை உணர்வு? கம்ப்யூட்டரில் வாசிக்கும்போது அடித்த பிறகு ஒலி வருகிறது. பிக் ஒரு இடத்தில், சத்தம் இன்னொரு இடத்தில். நான் அப்படி இரண்டு பாட்டு முயன்று பார்த்துவிட்டு விட்டேன்.

பாறசாலை_பதிவறை

பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலிச் சாம்பிள்கள், எவ்வளவு வைத்தீர்கள்? நொடிக்கு 48,000 சாம்பிளில் 128 பஃபர் என்றால் 2.7 மில்லிசெகண்ட். போகவர எல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலும் பத்துக்குள் அடங்கும். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். மேடையில் ஆம்புக்கு மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறீர்களே, அங்கேயே 9 ஆகிவிட்டது. 1024 பஃபர் வைத்திருந்தால் நீங்கள் சொன்னது நியாயம். புளூடூத் ஹெட்போன் என்றால் கேட்கவே வேண்டாம், வயர் ஹெட்போன்தான் வேண்டும்.

டம்ளர் அதிர்வது, நோட்டு தானாக நிற்பது, அது வராது. அதை மறுக்கவில்லை.

இன்னொன்று. சத்தம் குறையும்போது காதுக்கே பாஸ் (கீழ்ச் சுரங்கள்) குறைவாகக் கேட்கும். ஒலி ஆய்வாளர்கள் பிளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியது. தம்பி சொன்ன 'செத்த டோனில்' பாதி ஆம்பின் தவறு இல்லை.

வால்வு_அண்ணாச்சி

256 என்று நினைவு. திரும்பப் பார்க்கிறேன்.

தம்பி, ஒன்று மட்டும் கவனம். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஹெட்போனில் கேட்கலாம் என்று டியூப் ஆம்பை ஓட்டிவிடாதே. ஸ்பீக்கர் என்ற லோடு இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் ஆம்ப் அப்படித்தான் கருகல் வாசனையோடு நின்றது. ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸ் இருந்தால் மட்டும் செய். அப்படிச் செய்தால் உன் சொந்த ஆம்பே முழுசாக உழைக்கும், அறையில் சத்தம் இருக்காது. அதற்குப் பிறகு இவர் சொல்கிற ஐஆரைப் போட்டுக்கொள். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

குழித்துறை_ஆறுகம்பி

லோட் பாக்ஸுக்கு இப்போது காசு இல்லை. நேற்று ராத்திரி மாடலரில் ஐஆர் போட்டுப் பார்த்தேன். முதலில் மந்தமாக இருந்தது. இண்டர்ஃபேஸில் கிட்டாருக்கான இன்புட் பட்டனை அழுத்தாமலே இருந்திருக்கிறேன். அழுத்தியதும் பளிச்சென்று ஆனது. கெயினைப் பாதியாக்கினேன், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். கொசு போய்விட்டது. கொயர் குரல்களோடு சேர்த்துக் கேட்டபோது கிட்டார் தன் இடத்தில் உட்கார்ந்தது. தனியாகக் கேட்டால் மட்டும் ஏதோ குறைகிறது, அண்ணாச்சி சொன்ன அந்தக் காற்றாக இருக்கலாம்.

வால்வு_அண்ணாச்சி

அதுதான். ஆம்பை விற்றுவிடாதே.

குழித்துறை_ஆறுகம்பி

விற்கவில்லை அண்ணாச்சி. வரும் ஞாயிறு பாட்டி மகள் வீட்டுக்குப் போகிறார், மதியம் மூன்று மணியிலிருந்து ஆறு வரை அந்தப் பக்கம் ஆள் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். ஆம்புக்கு முன்னால் மைக் வைத்து ஒன்று, லேப்டாப்பில் ஒன்று எடுக்கிறேன். இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் போட்டுக் கேட்போம்.

பாறசாலை_பதிவறை

எஸ்எம்57 நான் கொண்டுவருகிறேன். ஸ்டாண்டு உங்களிடம் இருக்கிறதா?