மறு: புரொபோர்ஷனல் நோட்டேஷன் – ‘தூரமாத்திரைக் குறிமுறை’ சரியாக வருமா?

> ‘விகிதக் குறிமுறை’ என்றே வைத்துக்கொள்ளலாம். அகராதிப் பொருளும் பொருந்துகிறது.

அன்புள்ள குழுவினருக்கு,

புரொபோர்ஷனல் நோட்டேஷன் என்ற இசைக் குறிமுறைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘விகிதக் குறிமுறை’ என்று வைப்பது அகராதிக்குப் பொருந்தலாம். குழலை எடுத்துக்கொண்டு அப்படி எழுதிய இசைத்தாளின் முன் நிற்பவருக்கு இந்தப் பெயர் உதவாது. விகிதம் இருப்பது வழக்கமான ஐரோப்பியக் குறிமுறையில்தான்: சுரத்தின் நீளத்தைக் காட்டும் குறிகளில் ஹாஃப் நோட் என்றால் குவாட்டர் நோட்டைப் போல இரு மடங்கு நேரம். அச்சில் இரண்டும் நெருங்கி நின்றாலும் விலகி நின்றாலும் வாசிப்பு மாறாது. நாம் பெயர் தேடும் முறையிலோ, ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் தாளில் எவ்வளவு தூரமோ அதுவே நேரம்.

இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோ 1958 இல் குழல் கலைஞர் செவெரினோ கட்செல்லோனிக்காக எழுதிய ‘செக்வென்சா 1’ நல்ல உதாரணம். தனிப் புல்லாங்குழலுக்கான படைப்பு. தாளக் கட்டங்கள் கிடையாது. சம தூரத்தில் சிறு கோடுகள் மட்டும் உண்டு. நிமிடத்துக்கு 70 என்ற வேகத்தில் அவற்றைக் கடக்க வேண்டும். இரு கோடுகளுக்கு நடுவே ஒரு சுரம் எங்கே விழுகிறது என்பதைக் கண்தான் அளக்கிறது.

தொடக்கத்தில் ஏ, ஜி ஷார்ப், ஜி என்று மூன்று சுரங்கள் அரைச் சுரமாக இறங்குகின்றன. பின்னால் இந்த உருவம் திரும்பவும் வருகிறது. சுரப்பெயர்களை வைத்து இதைச் சொல்லிவிடலாம். ஆனால் கேட்பவருக்கு அது திரும்பி வந்தது தெரிய வேண்டுமென்றால், முதல் தடவை மூன்றையும் ஒரே வீச்சாக ஊதுவதா, பிரித்து நிறுத்துவதா என்று கலைஞர் முடிவுசெய்தாக வேண்டும். அந்த முடிவும் பகுப்பாய்வுதான் என்பது என் உறுதியான எண்ணம். கண், மூச்சு, நாக்கு மூன்றும் சேர்ந்து செய்கிற பகுப்பாய்வு.

வாசிப்பவர்கள் அளவுக்கு மீறிச் சுதந்திரம் எடுத்துக்கொண்டது பெரியோவுக்குப் பிடிக்கவில்லை. 1992 இல் யுனிவர்சல் எடிஷன் பதிப்பகம் இதையே வழக்கமான குறிமுறையில் வெளியிட்டது. அதில் எல்லாவற்றையும் எண்ணிவிடலாம், ஆனால் எண்ணுவதிலேயே கவனம் போய்விடுகிறது. பழைய பதிப்பில் தொடங்கி, அப்புறம் புதியதை வைத்துச் சரிபார்ப்பதே நல்லது என்பேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘இடைவெளிக் குறிமுறை’ வேண்டாம். சுருதி வேறுபாட்டை நாம் ஏற்கெனவே இடைவெளி என்கிறோம். ‘காலம்’ சேர்த்தால் கர்நாடக இசைக்காரர்கள் முதல் காலம், இரண்டாம் காலம் என்று வேகத்தை நினைப்பார்கள். ஆகவே ‘தூரமாத்திரைக் குறிமுறை’ என்பதை முன்வைக்கிறேன். மாத்திரையைத் தொல்காப்பியம் கண்ணிமைப்பாலும் கைநொடியாலும் அளக்கிறது. உடம்பால் நேரத்தை அளக்கும் இந்த வாசிப்புக்கு அதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தென்படவில்லை. நீளமான சொல்தான், இசைத்தாளில் ‘தூரமாத்திரை’ என்று மட்டும் போட்டாலே புரியும்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் ‘மியூசிக் ஆஃப் சேஞ்சஸ்’ (1951) இதற்குள் அடங்கும். அங்கே குவாட்டர் நோட்டுக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்று அளவே கொடுத்திருக்கிறார். இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் ஏர்ல் பிரவுனின் ‘டிசம்பர் 1952’ அடங்காது. அதில் வெள்ளைத் தாளில் கோடுகளும் செவ்வகங்களும் மட்டுமே உண்டு, சுரத்தைக் காட்டும் புள்ளிகளான சுரத்தலைகளே இல்லை. அதற்கு ‘வரைவுக் குறிமுறை’ என்று தனிப் பதிவு வேண்டும். பட்டியலில் இப்போது இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன, தயவுசெய்து பிரித்துவிடுங்கள்.