ஸ்கோப் குறி தாழ்ந்த பிரச்சினை: தீர்ந்தது (புதுப்பிப்பு)

என் முந்தைய கேள்விக்குப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் உதிரிகள் வாங்கி வீட்டில் பூட்டிய குழல்மடக்கு ஏர் ரைபிளில் (குழலை மடக்கித் தயார்செய்யும் காற்றுத் துப்பாக்கி), 10 மீட்டரில் பெல்லட் (சிறு குண்டு) குறிக்குக் கீழேயே விழுந்தது. ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) உயரம் மாற்றும் மேல் குமிழை எல்லைவரை திருப்பியும் ஏறவில்லை.

ஸ்கோப் பழுதில்லை. "குழல் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும், பின் ரிங்கை உயர்த்திப் பாருங்கள்" என்ற யோசனைதான் சரி (ரிங் என்பது ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்திருக்கும் வளையம்). முதலில் குமிழ்களை நடுநிலைக்குக் கொண்டுவந்தேன். பிறகு குளிர்பான கேனில் வெட்டிய தகட்டைப் பின் ரிங்கின் அடிப்பாதியில் வைத்தேன். கணக்கு எளிது: ரிங்குகளுக்கு இடையே 100 மி.மீ. இருந்தால், 0.1 மி.மீ. உயர்த்தினால் 10 மீட்டரில் 1 செ.மீ. மேலே போகும். எனக்கு இரண்டு தகடு போதுமாக இருந்தது. அதற்கு மேல் அடுக்கினால் ஸ்கோப் குழாய் வளையும். இன்னும் உயர்த்த வேண்டுமென்றால் பின்பக்கம் உயர்ந்த, சரிவுள்ள மவுண்ட் (ஸ்கோப் தாங்கி) வாங்குவதே நல்லது.

எதிர்பாராதது ஒன்று: உயரம் சரியான பிறகும் பெல்லட்கள் இடவலமாகச் சிதறின. குழல் மடங்கும் இடத்துத் திருகு தளர்ந்திருந்தது. அசைவு போகும்வரை மட்டும் முறுக்கியதும் பெல்லட் துளைகளின் கூட்டம் சுருங்கியது. இதே தொல்லை உள்ளவர்கள் ஸ்கோப்பைத் தொடும் முன் அந்தத் திருகைப் பாருங்கள், குழலில் பெல்லட் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு.