கார் முன்கண்ணாடியில் சிப் சரிசெய்யும் பட்டறையில் கண்ணாடி மாற்றும் வேலையையும் சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கல் தெறித்து விழுந்த சின்னச் சில்லு, அதாவது சிப், சின்ன விரிசல், இவற்றுக்கு ரெசின் என்னும் தெளிந்த பிசினை ஏற்றுவதுதான் எங்கள் தொழில். விரிசல் ஓரம்வரை ஓடிவிட்டால் "இதை மாற்றத்தான் வேண்டும்" என்று வேறு இடத்துக்கு அனுப்பிவந்தோம். இப்போது மாற்றும் வேலையையும் நாங்களே செய்கிறோம். இறங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டும் கண்ணாடி வேலைதான், ஆனால் பொறுப்பு வேறு. ரெசின் சரியாக ஏறாவிட்டால் ஒரு புள்ளி தெரியும், மிஞ்சினால் விரிசல் ஓடும். மாற்றிய கண்ணாடியைப் பிடித்து நிற்பது யூரித்தேன் பசை. பல வண்டிகளில் பயணி பக்கத்து ஏர்பேக் விரியும்போது முன்கண்ணாடியில் முட்டித்தான் ஆள் பக்கம் திரும்புகிறது. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. பசை விட்டுவிட்டால் இரண்டுமே போச்சு.

அதனால் நேரம் எல்லாம் போவது கண்ணாடியில் அல்ல, அது உட்காரும் தகரச் சட்டத்தில். பழைய யூரித்தேனை முழுக்கச் சுரண்டாமல் 1 முதல் 2 மி.மீ. வரை விட்டு வெட்ட வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பழைய பசைமேல்தான் புதுப் பசை நன்றாகப் பிடிக்கும். கத்தி பட்டுத் தகரம் தெரிந்த இடத்தில் உடனே பிரைமர், அதாவது அடிப்பூச்சு, பூச வேண்டும். புதுக் கண்ணாடியின் கறுப்பு ஓரத்தைத் துடைத்தபின் விரல் படவே கூடாது. பசையை இடையில் விடாமல் முக்கோண வடிவில் ஒரே சீராக இழுத்து, கண்ணாடியை ஒரே முறையில் இறக்க வேண்டும். இறக்கியபின் அங்கே இங்கே நகர்த்தினால் பசையில் இடைவெளி விழும், நீர் அதன் வழியே வரும்.

அப்புறம் காத்திருப்பு. யூரித்தேன் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். குளிரிலும் வறண்ட காற்றிலும் நேரம் கூடும். எவ்வளவு என்று பசைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். ஒருவர் அவசரமாகப் போக வேண்டும் என்று சாவியைக் கேட்டுக் கோபப்பட்டார். ஏர்பேக் விஷயத்தை விளக்கிச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் வேலையைத் தொடங்கும் முன்பே இந்த நேரத்தைச் சொல்லிவிடுகிறோம்.

பதில் 1

தகரச் சட்டம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மழையில் கால் பக்கம் நீர் ஒழுகுகிறது என்று எங்களிடம் ஒரு வண்டி வந்தது. முன்பு வேறெங்கோ கண்ணாடி மாற்றியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் கீழ் மூலையில் கத்திக் கீறல் பட்ட இடமெல்லாம் துரு. அதன்மேல் பசை போட்டால் பசை துருவைத்தான் பிடிக்கும், தகரத்தை அல்ல. துருவை எடுத்துப் பெயின்ட் வேலை முடிந்தபின்தான் கண்ணாடி போட்டோம். இப்போது பழைய கண்ணாடி இறங்கியதும் சட்டத்தைப் படம் எடுத்து வண்டிக்காரரிடம் காட்டுவது எங்கள் வழக்கம்.

பதில் 2

சரியான கண்ணாடியைத் தருவிப்பதே பெரிய வேலை. ஒரே மாடலில் மழை சென்சார் உள்ளது, இரைச்சல் குறைக்கும் அடுக்கு உள்ளது, சூடாக்கும் கம்பி உள்ளது என்று பல வகை. வேகம் கண்ணாடியிலேயே தெரியும் வண்டிக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டால் எண்கள் இரட்டையாகத் தெரியும்; அதற்கான கண்ணாடியில் நடு அடுக்கு ஆப்பு வடிவில் இருக்கும். சேசிஸ் எண்ணோடு பழைய கண்ணாடியின் மூலை முத்திரையையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

முன்கண்ணாடிக்குப் பின்னால் சாலையைப் பார்க்கும் கேமரா உள்ள வண்டிகளில், கண்ணாடி மாற்றியபின் அதைச் சரியாக அமைக்கும் கேலிப்ரேஷனுக்கு என்ன செய்கிறீர்கள்?

தொடங்கியவர்

கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்தால், தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி கேலிப்ரேஷன் முடியாமல் வண்டியைக் கொடுப்பதில்லை. சில வண்டிகளுக்குச் சமதளத் தரையில் கேமரா பார்க்கும்படி குறிப்பலகை வைத்துச் செய்ய வேண்டும், சிலவற்றைக் கருவி மாட்டிச் சாலையில் ஓட்ட வேண்டும், சிலவற்றுக்கு இரண்டும். பலகைக்கு எங்களிடம் இடம் போதாது. அந்த வசதி உள்ள பட்டறையோடு பேசி வைத்திருக்கிறோம். அதற்கான கட்டணத்தையும் முதலிலேயே எழுதிக் கொடுக்கிறோம்.

இன்னொன்று, சிப் வேலையைக் குறைத்துவிடாதீர்கள். மாற்றினால் வரும்படி கூடுதல் என்பதால் கை அந்தப் பக்கம் போகும். ஆனால் தொழிற்சாலையில் ஒட்டிய ஒட்டு உறுதியாக இருக்கும்போது, ரெசினில் முடிகிற சிப்புக்காக அதைப் பிரிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் விழுந்த சிப்பை மட்டும் தனியாக யோசிக்கிறேன், ரெசின் ஏற்றினாலும் அங்கே லேசான கலங்கல் மிஞ்சும்.